இறங்கிக்கொண்டே போன எண்

சின்னவள் தன் எலெக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் கடையில் இழுப்பறையைத் திறந்தது வேறு ஏதோ வேலைக்காக. யாரோ கொண்டுவந்து போட்டிருந்த தையல் மெஷின் போர்டுக்கு ஒரு ஃப்யூஸ் தேவைப்பட்டது, அவ்வளவுதான். ஃப்யூஸைத் தேடிய விரல் ஐ.சி. சிப் வைக்கும் தடுப்பில் போய் இடித்தது. அங்கே இரண்டு ஐ.சி.க்கள், வாங்கிய இடத்தில் கொடுத்த கறுப்புப் பஞ்சில் குத்தியபடியே, ஒரு கால்கூட வளையாமல் இருந்தன. அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

ஏனென்றால் அவை அங்கே இருக்கக் கூடாது. சலவை ஆலையின் பாய்லர் பேனலுக்கென்று தனியாக வாங்கிய ஐ.சி.க்கள் அவை. காலையில்தான் அவற்றை அந்தப் பேனலுக்குள் வைத்து, ஈயம் உருக்கி ஒட்டி, பேனலைக் கொண்டுபோய் மாட்டி, அங்கேயே ஒரு டீயும் குடித்துவிட்டு வந்திருந்தாள். அவை இங்கே இருந்தால், அங்கே போய் உட்கார்ந்திருப்பவை எவை? அதை ஒட்டிய தடுப்பைப் பார்த்தாள். வேறு இரண்டு ஐ.சி.க்கள் இருக்க வேண்டிய இடம் சுத்தமாகக் காலியாக இருந்தது.

இந்த இரண்டு வகையையும் ஒரே அச்சில் செய்ய வேண்டும் என்று எந்தப் புண்ணியவானுக்குத் தோன்றியதோ தெரியாது. அதே கறுப்பு உடம்பு, அதே பதினாறு கால். முதுகில் பொடி எழுத்தில் இருக்கும் எண்ணில் கடைசி இலக்கம் மட்டும்தான் வேறு. குணமோ நேர் எதிர். ஒன்று, கம்பியில் வரும் சிக்னலை அப்படியே கடத்திவிடும். மற்றது புரட்டிக் கடத்தும். ‘உண்டு’ என்று வந்தால் ‘இல்லை’ என்று அனுப்பும், ‘இல்லை’ என்று வந்தால் ‘உண்டு’ என்று அனுப்பும். எதற்கெடுத்தாலும் ஏட்டிக்குப் போட்டி பேசுகிறவர்கள் குடும்பத்துக்கு ஒருவராவது இருப்பார்களே, அந்த ரகம். நேராக இருக்கிறதைப் போட வேண்டிய இடத்தில் அவள் புரட்டுகிறதைப் போட்டுவிட்டாள்.

அந்தப் பாய்லரை ஓட்டுகிறவள் அவளுடைய அக்கா. ஆஸ்பத்திரிப் போர்வை, ஓட்டல் விரிப்பு என்று மலை மலையாக வந்து குவியும் துணியைத் துவைக்கவும் உலர்த்தவும் தேய்க்கவும் தேவையான நீராவி முழுவதும் அந்த ஒரு பாய்லரிலிருந்துதான் போக வேண்டும். நீராவியின் அழுத்தத்தைப் பேனல் எண்ணாகக் காட்டும்; அது ஐந்தில் நிற்க வேண்டும். ஏழைத் தாண்டக் கூடாது. அழுத்தம் குறைந்தால் எண்ணெய்த் திருகைத் திறந்து தீயை ஏற்றுவதும், கூடினால் மூடி இறக்குவதும்தான் அக்காவின் வேலை. சொல்வதற்கு என்னவோ சுலபமாகத்தான் இருக்கிறது. கோடை வெயிலில் அந்த அறையில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் தெரியும்.

சின்னவள் முதலில் தன்னைத் தானே தேற்றிக்கொண்டாள். இவள் தொழிலில் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு நம்பும் ஒரு விஷயம் உண்டு: புரட்டுகிற ஐ.சி.யைத் தவறிப் போட்டுவிட்டால் எண் தப்பாக வராது, பாதி எண் வராமலே போகும். ஒரு இலக்கத்துக்கு நாலு கம்பி. அவற்றின் மதிப்பு எட்டு, நாலு, இரண்டு, ஒன்று. ஐந்து என்றால் நாலும் ஒன்றும் உண்டு, மற்றவை இல்லை. அதைப் புரட்டினால் எட்டும் இரண்டும் உண்டு என்றாகி, பத்து வந்து நிற்கும். ஒரே ஒரு இலக்கத்துக்கான கட்டத்தில் பத்தை எப்படிக் காட்டுவது? கட்டம் இருண்டு போகும். பார்த்த மாத்திரத்தில் தப்பு தெரிந்துவிடும்.

ஆனால் காலையில் எந்தக் கட்டமும் இருளவில்லை. சோதனைப் பொத்தானை அழுத்தியதும் பத்து இலக்கமும் பளிச்சென்று எரிந்தபடி சுற்றிச் சுற்றி ஓடின. அந்த ஓட்டத்தில் அவை ஏறுகின்றனவா இறங்குகின்றனவா என்று யார் பார்த்தார்கள்? எல்லாம் எரிகிறதா, எரிகிறது, மூடு பெட்டியை என்று கிளம்பிவிட்டாள். ஆலை மேனேஜர் வேறு போன் மேல் போன் போட்டு உயிரை வாங்கிக்கொண்டிருந்தார். ஆகவே ஒன்றும் ஆகியிருக்காது, ஐ.சி. எண்ணிக்கையில்தான் ஏதோ குழப்பம் என்று அவள் ஃப்யூஸைத் தேடத் தொடங்கினாள். அரை நிமிடம்கூட அந்த நிம்மதி நீடிக்கவில்லை.

அந்தப் பேனல் சாதாரணக் கணக்கில் ஓடுகிற பேனல் இல்லை. அது பழைய காலத்து ‘எக்ஸஸ் த்ரீ’ பேனல். அதில் ஒவ்வொரு இலக்கத்தோடும் மூன்றைக் கூட்டிவிட்டுத்தான் கம்பியில் ஏற்றுவார்கள். படிப்பு முடிக்கும் வருடத்தில் இந்தக் கணக்கு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. மூன்றைக் கூட்டுவது எதற்கு என்றால், அப்போது எல்லாக் கம்பியையும் புரட்டினால் அந்த இலக்கத்தை ஒன்பதிலிருந்து கழித்த விடை தானாக வந்து நிற்கும். கழித்தல் கணக்குக்கு அது பெரிய வசதி. என்ன அழகான ஏற்பாடு என்று அன்று அவள் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோயிருக்கிறாள்.

கையில் அகப்பட்ட அட்டை மூடியைக் கவிழ்த்துப் போட்டு எழுதினாள். ஐந்து புள்ளி பூஜ்யம். ஐந்தோடு மூன்று, எட்டு: உண்டு, இல்லை, இல்லை, இல்லை. புரட்டினால் இல்லை, உண்டு, உண்டு, உண்டு. அது ஏழு. கூட்டிய மூன்றைக் கழித்தால் நாலு. அடுத்து பூஜ்யம். மூன்றைக் கூட்டினால் மூன்று: இல்லை, இல்லை, உண்டு, உண்டு. புரட்டினால் உண்டு, உண்டு, இல்லை, இல்லை. அது பன்னிரண்டு, மூன்று போக ஒன்பது. ஐந்து புள்ளி பூஜ்யத்தை அந்தப் பேனல் நாலு புள்ளி ஒன்பது என்று காட்டும்.

காலையில் அது காட்டியதும் நாலு புள்ளி ஒன்பதுதான். பேனல் பழுதாக இருந்த நாட்களில் ஒப்பேற்றுவதற்காக வேறு ஆலையிலிருந்து இரவல் வாங்கி மாட்டியிருந்த முள் மீட்டரும் ஐந்தை ஒட்டித்தான் நின்றது. இரண்டும் ஒத்துப்போகிறது பார் என்று அக்காவே மேனேஜரைக் கூப்பிட்டுக் காட்டினாள். என் தங்கச்சி கை வச்சா அப்படித்தான் என்று பெருமை வேறு. அந்தக் கையோடு இரவல் மீட்டரைக் கழற்றி, உரியவர்களுக்குத் திருப்பி அனுப்பியும் ஆயிற்று. இப்போது அந்தப் பாய்லரில் அழுத்தத்தைக் காட்ட அந்த ஒரு பேனலை விட்டால் வேறு நாதி இல்லை.

பென்சில் நிற்காமல் ஓடியது. உண்மையில் ஆறு என்றால் பேனல் மூன்று புள்ளி ஒன்பது என்று காட்டும். உண்மையில் ஏழு என்றால் இரண்டு புள்ளி ஒன்பது. ஐந்துக்குப் பக்கத்தில் நிற்கும் வரைக்கும் அந்தப் பேனல் உத்தமி. விலகத் தொடங்கினால்தான் அதன் வேலையைக் காட்டும். பாய்லரில் அழுத்தம் ஏற ஏற அது இறக்கி இறக்கிக் காட்டும். அழுத்தம் இறங்குகிறது என்று நினைத்து அக்கா தீயை ஏற்றுவாள். ஏற்றினால் எண் இன்னும் இறங்கும். இறங்கினால் இன்னும் ஏற்றுவாள்.  

அது சாப்பாட்டு நேரம். சாப்பாட்டு நேரத்தில் துவைக்கும் மெஷின், தேய்க்கும் மெஷின் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்கள். நீராவியை எடுத்துக்கொள்ள ஆள் இருக்காது. அழுத்தம் தானாகவே ஏறும் நேரம் அது.

அக்காவின் போனுக்கு அடித்துப் பயனில்லை. அவள் அதைக் கைப்பையோடு அலமாரியில் பூட்டிவிட்டுத்தான் பாய்லர் அறைக்குள் போவாள். ஆபீஸ் போனை மேனேஜர் எடுத்தார். ஆள் நல்லவர்தான். ஆனால் எதையும் பாதி கேட்டதுமே முழுசாகப் புரிந்துவிட்டதாகத் தலையாட்டுகிறவர். சின்னவள் ஒரே மூச்சில் சொன்னாள்: பேனல் தப்பாகக் காட்டுகிறது, தீயை உடனே நிறுத்தச் சொல்லுங்கள். அவர் பதறவில்லை. இருங்க பார்த்துட்டு வரேன் என்று ரிசீவரை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். அவர் திரும்பி வரும்வரை யாரோ தட்டைக் கழுவும் சத்தம் மட்டும் காதில் விழுந்தது.

“மூணு புள்ளி நாலுதாம்மா இருக்கு,” என்றார் வந்ததும். “ஏறலையே, குறைஞ்சுதான் இருக்கு. அக்காவும் தீயை ஏத்திட்டுதான் இருக்காங்க. நீங்க சாப்பிட்டுட்டு மெதுவா வாங்க.”

மூன்றை ஒன்பதில் கழித்தால் ஆறு. நாலைக் கழித்தால் ஐந்து. ஆறு புள்ளி ஐந்து.  குறைவாகக் காட்டினால் கூடுதல் என்று அர்த்தம் என்று அவள் சொல்லி முடிப்பதற்குள், சரிம்மா சரிம்மா சொல்லிடறேன் என்று அவர் வைத்துவிட்டார். அவர் என்னத்தைச் சொல்வார் என்று அவளுக்கா தெரியாது? குறைந்திருக்கிறதாம், பார்த்துக்கொள்ளச் சொன்னாள் என்பார். அக்காவும் பார்த்துக்கொள்வாள்.

கடைக் கதவைக்கூடச் சாத்தாமல் ஓடினாள். இரண்டே தெரு. ஆனாலும் முதல் தெருவில் யாரோ சாமான் இறக்கிக்கொண்டிருந்த லாரி வழியை அடைத்துக்கொண்டு நின்றது. லாரிக்கும் சுவருக்கும் நடுவே உடம்பைத் திணித்துக்கொண்டு போனபோது தோளில் சட்டை கிழிந்தது. என்ன அவசரமோ என்று லாரிக்காரர் கேட்டது பின்னால் கேட்டது. ஓடும்போது அவளுக்குத் தோன்றியதெல்லாம் ஒன்றுதான்: சேஃப்டி வால்வு இருக்கிறது. ஏழைத் தொட்டால் அது தானாகத் திறந்து நீராவியை வெளியே விட்டுவிடும். பேனல் பொய் சொன்னாலும் அது சொல்லாது. அது ஐ.சி.யா என்ன? ஒரு நெம்புகோல், அதன் நுனியில் ஓர் இரும்புக் குண்டு. உள்ளே அழுத்தம் கூடினால் குண்டைத் தூக்கிக்கொண்டு திறக்கும். அதற்குப் புரட்டத் தெரியாது.

இரண்டாவது தெருவில் திரும்பியபோதே அந்தச் சத்தம் கேட்டது. ஆலைக் கூரைமேல் இருக்கும் குழாயிலிருந்து ‘உஸ்ஸ்’ என்று நீராவி சீறிக்கொண்டிருந்தது. வால்வு திறந்துவிட்டது. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஓட்டத்தை நிறுத்தி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். அக்கா இந்நேரம் புரிந்துகொண்டிருப்பாள் என்று நினைத்தாள்.

அப்போது அந்தச் சீற்றம் நின்றது. மெல்லத் தேய்ந்து நிற்கவில்லை, யாரோ வாயைப் பொத்தியது போலச் சட்டென்று நின்றது. அழுத்தம் குறைந்து வால்வு தானாக மூடியிருந்தால் அது இழுத்து இழுத்துத்தான் அடங்கும். இது அப்படி இல்லை. சின்னவள் இதுவரை ஓடியதெல்லாம் ஓட்டமே இல்லை என்கிற மாதிரி ஓடினாள்.

பாய்லர் அறைக்குப் பக்கத்தில்தான் தேய்ப்புக் கூடம். நடுவே ஒற்றைச் சுவர். கூடத்தில் ஆட்கள் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனாள். அக்கா இரும்பு ஏணியின் மேல்படியில் நின்று, வால்வின் நெம்புகோலில் பழைய இஸ்திரிப் பெட்டி ஒன்றைக் கம்பியால் கட்டித் தொங்கவிட்டு முடித்திருந்தாள். அது ஓர் ஆள் இரண்டு கையால் தூக்குகிற கனம். கீழே பேனலில் இரண்டு புள்ளி ஒன்று சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

தங்கையைப் பார்த்ததும் அக்காவின் முகம் மலர்ந்தது. “நல்ல வேளை வந்த. மெஷினெல்லாம் நிக்குது, ஆனா பிரஷர் இறங்கிக்கிட்டே போச்சு. எங்கடா போகுதுன்னு பார்த்தா, இந்த வால்வு மூணுக்கே திறந்துக்கிச்சு. அதான் கட்டிப்போட்டேன்.”

நினைத்துப் பார்த்தால் அதில் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? மூன்றுதான் அழுத்தம் என்றால், வால்வு திறந்தது கோளாறுதான். நீராவி எல்லாம் அதன் வழியாகப் போவதால்தான் அழுத்தம் இறங்குகிறது என்பதும் நியாயம்தான். ஒரே ஒரு எண் பொய்யானதும் மற்ற நியாயமெல்லாம் அதற்குப் பின்னால் வரிசை கட்டி நின்றுவிட்டது.   சின்னவள் நின்ற இடத்திலிருந்தே சொன்னாள்.

“அக்கா, நான் தப்பான ஐ.சி. போட்டுட்டேன். அது ஒவ்வொரு எண்ணையும் ஒம்போதுல கழிச்சுக் காட்டுது.”

அக்கா ஏணியில் நின்றபடியே பேனலைப் பார்த்தாள். உதடு அசைந்தது. இரண்டு போனால் ஏழு. ஒன்று போனால் எட்டு. ஏழு புள்ளி எட்டு. அவள் முகத்தில் ஈயாடவில்லை. கை மட்டும், தான் கட்டிய கம்பியின் மேலேயே இருந்தது. அடுத்த நொடி அவள் இறங்கி வந்து எண்ணெய்த் திருகை இறுக மூடினாள். பாய்லருக்குள் ஓயாமல் உறுமிக்கொண்டிருந்த தீ அடங்கியது. அந்த அமைதியில் இரும்பு எங்கேயோ ‘டிக் டிக்’ என்று முறுக்கிக்கொள்வது கேட்டது. சின்னவள் ஏணியை நோக்கிப் பாய்ந்தாள். அக்கா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“சட்டுனு எடுத்தா உள்ள தண்ணி ஒரேயடியாப் பொங்கி வேற வினை. நான் பார்த்துக்கிறேன். பக்கத்துல சாப்பிட்டுட்டு இருக்காங்களே, அவங்களை வெளியே கூட்டிட்டுப் போ. ஓடச் சொல்லாத.”

“நீ?”

“நான்தான கட்டினேன்? போ.”

அக்கா கத்தியிருந்தால் சின்னவள் எதிர்த்துப் பேசியிருப்பாள். சிறு வயதிலிருந்தே அதுதான் வழக்கம். ஆனால் அக்கா கத்தவில்லை. ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவா என்கிற குரலில் சொன்னாள். அந்தக் குரல்தான் சின்னவளைக் கிளப்பியது. கூடத்துக்குப் போய், எல்லாரும் கொஞ்சம் வாசல் பக்கம் வாங்க என்றாள்.  அவள் முகத்தைப் பார்த்த இஸ்திரிக்கார அம்மா வாயில் வைத்த கவளத்தை மெல்லாமலே எழுந்தார். தட்டும் கையுமாக எல்லாரும் பின்னால் வந்தார்கள். காலில் அடிபட்டு நொண்டுகிற ஒருவர் கடைசியாக வந்தார். அவருக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த நேரம் ஒரு யுகமாக இருந்தது. அந்த மனிதருக்கு அதெல்லாம் தெரியாது. போகிற போக்கில் சாப்பாட்டு நேரத்தில்கூட நிம்மதி இல்லை என்று முணுமுணுத்துக்கொண்டு போனார்.

அவர்களை வாசலில் விட்டுவிட்டு சின்னவள் திரும்பி ஓடினாள். ஏணியின் மேல் அக்கா இஸ்திரிப் பெட்டியின் கனத்தைத் தோளில் வாங்கிக்கொண்டு, கம்பியை ஒவ்வொரு முறுக்காக அவிழ்த்துக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் வேர்வை. சின்னவள் கீழ்ப்படியில் ஏறி, அக்காவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். போகச் சொன்னேனே என்று அக்கா சொல்லவில்லை. கனம் மெல்ல மெல்லக் குறைய, மேலே குழாயில் நீராவி முதலில் முனகியது, பிறகு சீறியது, பிறகு கூரையே அதிரும்படி அலறியது. இஸ்திரிப் பெட்டி முழுவதும் அக்காவின் கைக்கு வந்தது. இரண்டு பேரும் தட்டுத்தடுமாறி இறங்கி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்கள்.

பேனலில் எண் ஏறத் தொடங்கியது. இரண்டு புள்ளி மூன்று. இரண்டு புள்ளி எட்டு. மூன்று புள்ளி இரண்டு. அது ஏற ஏறத்தான் அவர்களுக்கு உயிர் வந்தது. உலகத்தில் வேறு எந்தப் பாய்லர் அறையிலும் அந்த எண் அப்படி ஏறுவதைப் பார்த்து யாரும் கடவுளுக்கு நன்றி சொல்லியிருக்க மாட்டார்கள். நெடுநேரம் கழித்து மேனேஜர் கதவருகே வந்து எட்டிப் பார்த்தார். அப்போது பேனல் ஏழு புள்ளி ஆறைத் தாண்டிக்கொண்டிருந்தது. ஏழு, எட்டு என்று வாய்விட்டுப் படித்தவர், படித்துக்கொண்டே பின்னால் நகர்ந்து நகர்ந்து காணாமல் போனார். அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு ஆரம்பித்த விதம் சரியில்லை. பாதியில் அது அழுகையாகிவிட்டது.

பாய்லர் முழுவதும் ஆறி, பேனல் ஒன்பது புள்ளி ஒன்பதில் போய் நிற்க மாலையாகிவிட்டது. அதற்குள் அக்கா ஒரே ஒரு தடவைதான் அதைப் பற்றிப் பேசினாள். முகம் கழுவிவிட்டு, சேலைத் தலைப்பால் துடைத்தபடி வந்து உட்கார்ந்தாள்.

“முதல்ல வால்வு சீறினதும் எனக்கு ரெண்டு காலும் வாசப் பக்கம்தான் திரும்புச்சு. சத்தமே சொல்லுது, இது ஏழுன்னு. எனக்குத் தெரியாதா? அப்புறம் பேனலைப் பார்த்தேன். நீ மாட்டினது. சரி, வால்வுக்குத்தான் வயசாயிடுச்சுன்னு நினைச்சுட்டேன்.”

திட்டியிருக்கலாம். ஒரு அறை விட்டிருக்கலாம். சின்னவள் அதற்குத்தான் காத்திருந்தாள். அக்கா அவ்வளவு சொல்லிவிட்டு, சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

சின்னவள் கடைக்குப் போய் சரியான அந்த இரண்டு ஐ.சி.க்களையும் எடுத்துவந்தாள். பேனலைக் கழற்றி, புரட்டுகிறவற்றை உருவிப் போட்டுவிட்டு, நேரானவற்றை ஒட்டினாள். முதுகில் இருந்த எண்ணைக் கண்ணாலும் பார்த்து, லென்ஸ் வைத்தும் பார்த்து, இஸ்திரிக்கார அம்மாவைக் கூப்பிட்டு அவர் வாயாலும் படிக்கச் சொல்லிக் கேட்டாள். சோதனைப் பெட்டியை இணைத்து ஒவ்வோர் இலக்கமாகக் கொடுத்துப் பார்த்தாள். ஒன்று கொடுத்தால் ஒன்று, எட்டு கொடுத்தால் எட்டு. மாட்டியதும் ஆறிக் கிடந்த பாய்லருக்குப் பூஜ்யம் புள்ளி பூஜ்யம் என்று சமர்த்தாகக் காட்டியது. எந்தக் குறையும் இல்லை.

மேனேஜர் திரும்பி வந்திருந்தார். அவர் குரலில் சுரத்து இல்லை. ஆனாலும் அவர் கவலை அவருக்கு. விடிந்தால் ஆஸ்பத்திரிக்குப் போர்வை போயாக வேண்டும், பேனலும் சரியாகிவிட்டது, இனி மூட்டலாமே என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். ஆட்கள் கூடத்து வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே வர யாருக்கும் கால் வரவில்லை. அக்கா எழுந்து போய், தீ மூட்டும் பந்தத்தை எண்ணெயில் நனைத்து எடுத்துக்கொண்டு வந்தாள். பாய்லரின் வாய்க்கு எதிரே நின்று, தங்கையைத் திரும்பிப் பார்த்தாள்.

“நம்பலாமா?” என்று கேட்டாள்.

ஆமாம் என்பது ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்ல எல்லா நியாயமும் சின்னவளிடம் இருந்தது. பார்க்க வேண்டியதை எல்லாம் பார்த்தாயிற்று. ஆனால் அந்த வார்த்தையை அவள் சொல்லவில்லை. காலையிலும் இப்படித்தான் எல்லாம் சரியாக இருந்தது. காலையிலும் அவள்தான் சரி என்றாள். பேனலைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள்.  மேனேஜர் செருமினார். அக்கா அவசரப்படுத்தாமல், பந்தத்தைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

பிறகு பந்தத்தைக் கீழே வைத்துவிட்டு, முள் மீட்டர் ஒன்று வந்து சேராமல் இன்றைக்கு மூட்டுவதாக இல்லை என்று மேனேஜரிடம் சொன்னாள்.  அவர் மீட்டரை இரவல் கொடுத்தவர்களுக்கே மறுபடி போன் போட ஆபீசுக்குப் போனார். ஆட்களும் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். சின்னவளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. மன்னிச்சுடு என்பதைக்கூட உருப்படியாகச் சொல்ல முடியாமல் விக்கினாள். அக்கா அவள் தோளில் கிழிந்து தொங்கிய சட்டையை இழுத்துச் சரிசெய்தாள்.

“விடு. நீ மட்டும் ஆமான்னு சொல்லியிருந்தா, நான் பத்த வச்சிருப்பேன்.”

அதை அவள் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. இத்தனை நடந்த பிறகும், தங்கையின் ஒரு வார்த்தையை நம்பி உண்மையாகவே பற்றவைத்திருப்பாள். சின்னவளின் அழுகை அப்படியே நின்றுவிட்டது. மதியம் ஏழு புள்ளி எட்டைப் பார்த்தபோதுகூட அவள் அப்படி அதிர்ந்துபோகவில்லை.